கம்போஸ்ட்டில் பிளாஸ்டிக், எருவில் களைக்கொல்லி: இதற்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் அலாட்மென்ட் என்கிற வாடகைத் தோட்டத் துண்டை எடுத்துப் புதிதாகத் தோட்டம் போடுகிறவர் யாராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே அவருக்கு இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். சமையலறைக் கழிவை வீணாக்காமல் மட்கவைத்துச் சொந்தமாகக் கம்போஸ்ட் உரம் போடுங்கள் என்பது ஒன்று. ஒரு மூலையில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடியை நட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு வளரும் என்பது மற்றொன்று. இந்த அறிவுரைகளில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கம்போஸ்ட் குவியலுக்கும் அந்த ருபார்ப் குழிக்கும் வந்து சேர்கிற பொருட்களை விற்கிறவர்களும் கொடுக்கிறவர்களும், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கடமையைத் தொடர்ந்து தட்டிக்கழித்து வருகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அவர்கள் மீதுதான். வரிசையின் கடைசியில் மண்ணில் கை வைத்து நிற்பவர்கள் நாம். நமக்கு முன்னால் நிற்கிற அத்தனை பேரின் அலட்சியத்துக்கும் விலை கொடுப்பவர்களும் நாமாகவே இருக்கிறோம்.

அலாட்மென்ட் என்பது, நகராட்சியிடமோ சங்கத்திடமோ ஆண்டு வாடகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுகிற சிறு நிலம். மரபுப்படி ஒரு முழுத் துண்டு 10 ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது பெரும்பாலும் அதில் பாதியோ கால்பங்கோதான் கிடைக்கிறது. மக்கள் கேட்கிற இடத்தில் இப்படி நிலம் ஒதுக்குவதை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியிருக்கிறது என்றாலும், பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் காத்திருந்து கைக்கு வந்த மண்ணில் தெரிந்தே யாரும் நஞ்சைக் கொட்டமாட்டார்கள். தெரியாமல் கொட்ட வைக்கிறார்கள்.

முதலில் ருபார்ப் இலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செலரியைப் போல நீண்டு சிவந்த தண்டுதான் இந்தச் செடியில் உண்ணத்தக்க பகுதி. நல்ல புளிப்பு உடையதால் சர்க்கரை சேர்த்து வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுந்திருப்பதால் அதை உண்ணக் கூடாது. முதல் உலகப் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் இந்த இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று பிரிட்டனில் பரிந்துரைக்கப்பட்டது; அதை நம்பி உண்டவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். ஆகவே உண்ணாதே என்று எச்சரிப்பது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த எச்சரிக்கை ஊதிப் பெருக்கப்பட்டு, இலையைக் கம்போஸ்ட் குவியலிலும் போடக் கூடாது, போட்டால் உரமே நஞ்சாகிவிடும் என்று ஒவ்வொரு அலாட்மென்டிலும் யாராவது ஒருவர் புதியவரைப் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறார். அது உண்மையன்று. குவியலில் இலை மட்கும்போது அந்த அமிலமும் நுண்ணுயிர்களால் சிதைந்துவிடுகிறது. அந்த உரத்தைக் காய்கறிப் பாத்திக்குத் தாராளமாக இடலாம். குவியலில் கெடுதல் செய்யாத இலைக்கு இத்தனை எச்சரிக்கை செய்கிற இந்த ஊரில், உண்மையிலேயே கெடுதல் செய்கிற பொருட்களின் மேல் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தேயிலைப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை இலைதானே, காகிதம்தானே, மட்கிவிடும் என்று நம்பித்தான் நம் வீடுகளில் நாள் முழுவதும் சேர்கிற பைகளையெல்லாம் கொண்டுபோய்க் குவியலில் போடுகிறோம். குவியலைக் கிளறி, ஈரம் பார்த்து, காய்ந்த இலையும் கிழித்த அட்டைப்பெட்டியும் பச்சைக் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டுப் பல மாதம் பொறுத்திருந்து, கறுத்து உதிரியான அந்த உரத்தைச் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவது என்ன தெரியுமா? உள்ளே இருந்த தேயிலை முழுவதும் மண்ணாகிப் போயிருக்க, வெறும் தோலாக, சதுரமும் வட்டமுமாக, ஓரத்து மடிப்புக்கூடக் கலையாமல் கிடக்கிற பைகள். விரலால் இழுத்தால் கிழிய மறுக்கின்றன. கழுவிப் பார்த்தால் வலைக்கண்கள் அப்படியே தெரிகின்றன. பையின் ஓரத்தைச் சூடாக்கி ஒட்டுவதற்காக அந்தக் காகிதத்தில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையைக் கலப்பது இந்தத் தொழிலில் நெடுங்காலப் பழக்கம். டப்பாவின் மேல் தேயிலைத் தோட்டத்தின் படத்தைப் பெரிதாக அச்சிட இடம் இருக்கிறது. பையில் பிளாஸ்டிக் இருக்கிறது என்று ஒரு வரி அச்சிட மட்டும் இடம் கிடைக்கவில்லை.

மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு பல நிறுவனங்கள் அந்த இழையை மாற்றி, சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ என்ற பொருளுக்கு வந்தன. தாவரத்திலிருந்து வந்தது, பிளாஸ்டிக் இல்லாதது என்று பெருமையாக எழுதினார்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே தோட்டத்து மண்ணில் அது மட்கிவிடாது என்பதைச் சொல்லவில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2024இல் வெளியிட்ட ஆய்வில், முழுக்க பிஎல்ஏவால் ஆன தேயிலைப் பைகளை மண்ணில் புதைத்து ஏழு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது அவை சிதையாமல் முழுதாகவே இருந்தன. அந்தப் பைகளின் துண்டுகள் கலந்த மண்ணில் விடப்பட்ட மண்புழுக்கள் கூடுதலாக இறந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கம்போஸ்ட் போடுகிறவனுக்கு மண்புழுதான் கூட்டாளி. பிளாஸ்டிக் இல்லை என்ற சொல்லை நம்பி அந்தக் கூட்டாளிக்கே நாம் கேடு செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னும் பெரிய ஏமாற்று, கம்போஸ்ட் ஆகும் என்று அச்சிடப்பட்ட பைகளும் கோப்பைகளும் உறைகளும். அவற்றின் மேல் இருக்கிற முளைச் சின்னம் ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரநிலையைக் குறிக்கிறது. அந்தத் தரநிலை பேசுவது தொழிற்கூடத்துக் கம்போஸ்ட்டைப் பற்றி. 58 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டை வாரக்கணக்கில் விடாமல் தாங்குகிற, பொறியால் கிளறப்படுகிற, மலைபோன்ற குவியல்களைப் பற்றி. எங்கள் அலாட்மென்டில் இருப்பது இடுப்பளவு உயரமுள்ள கறுப்புத் தொட்டி. புல் வெட்டிப் போட்ட வாரத்தில் அதன் நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். நவம்பர் வந்துவிட்டால் அதுவும் இராது. இந்த வேறுபாட்டைப் பையின் மேல் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டால், பின்பக்கத்து மடிப்பில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் எழுதிவிட்டு, சொல்லிவிட்டோமே என்கிறார்கள். சரி, வீட்டுக் கம்போஸ்ட்டுக்கே உரியது என்று சான்று பெற்ற பொருட்களாவது மட்குகின்றனவா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நாடு முழுவதும் பொதுமக்களைச் சேர்த்து நடத்தி, 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்படிச் சான்று பெற்ற பிளாஸ்டிக்கிலும் 60 விழுக்காடு வீட்டுக் குவியல்களில் முழுமையாகச் சிதையவில்லை. சோதனைக் கூடத்தில் தேறியது தோட்டத்தில் தேறவில்லை என்றால், அந்தச் சான்றை வைத்துக்கொண்டு தோட்டக்காரன் என்ன செய்வது?

குவியலில் போடாமல் நகராட்சியின் உணவுக் கழிவுத் தொட்டியில் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கழிவு பல ஊர்களில் எரிவாயு எடுக்கிற நிலையங்களுக்குத்தான் போகிறது. அங்கே நுழைவாயிலிலேயே பைகளையெல்லாம், மட்குபவையா மட்காதவையா என்று பார்க்காமல், பிரித்தெடுத்துப் பெரும்பாலும் எரித்துவிடுகிறார்கள். பழத்தின் மேல் ஒட்டுகிற சிறு ஸ்டிக்கரைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வீட்டுக் குவியலில் மட்காத ஸ்டிக்கரைப் பழத்திலும் காயிலும் ஒட்டவே கூடாது என்று 2022 சனவரியில் பிரான்சில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடல்கால்வாய்க்கு அந்தப் பக்கம் முடிந்த காரியம் இந்தப் பக்கம் ஏன் முடியவில்லை என்பதற்கு எவரிடமும் பதில் இல்லை.

இவையெல்லாம் கையால் பொறுக்கி எறிந்துவிடக்கூடிய தொல்லைகள். எருவில் வருவது அப்படியன்று.

ருபார்ப் பெருந்தீனிச் செடி. ஒருமுறை நட்டால் பத்தாண்டுக்குக் குறையாமல் அதே இடத்தில் இருக்கும் என்பதால், நடும்போதே குழியை ஆழமாகத் தோண்டி நன்றாக மட்கிய தொழுவுரத்தை நிறையக் கலக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் வேர்க்கிழங்கை நவம்பர் முதல் மார்ச்சுக்குள், செடி உறங்குகிற காலத்தில், மொட்டு மண்மட்டத்துக்கு மேல் தெரியும்படி வைத்து, செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடம் விட்டு நட வேண்டும். மொட்டு புதைந்தால் அழுகிவிடும். முதல் ஆண்டு ஒரு தண்டுகூடப் பறிக்கக் கூடாது, வேர் பிடிக்க விட வேண்டும். இரண்டாம் ஆண்டில் கொஞ்சம், அதற்குப் பிறகுதான் முழு அறுவடை. யார்க்‌ஷரின் வேக்ஃபீல்ட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக இருட்டுக் கொட்டகைகளில் ருபார்ப் வளர்க்கிறவர்களுக்குக்கூட, வேர்க்கிழங்கை முதலில் வெளி வயலில் இரண்டு ஆண்டு வளர்த்து உரமேற்றிய பிறகுதான் கொட்டகைக்குள் கொண்டுபோக முடிகிறது. இத்தனை பொறுமை கேட்கிற செடிக்கு அடியில் இடுகிற எருவே கெட்டது என்றால், கெடுவது ஒரு பருவத்து விளைச்சல் மட்டுமா?

அமினோபைரலிட் என்று ஒரு களைக்கொல்லி இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் முளைக்கிற முட்களையும் அகன்ற இலைக் களைகளையும் அழிக்க அதைத் தெளிக்கிறார்கள்; புல்லுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் புல்லை வெட்டி உலர்த்திக் குதிரைக்குப் போட்டால், மருந்து குதிரையின் வயிற்றைச் சிதையாமல் கடந்து லத்தியோடு வெளியே வருகிறது. காற்றுப் புகாத எருக் குவியலில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. மண்ணில் கலந்து நுண்ணுயிர் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் மெதுவாகச் சிதைகிறது. அவரை, பட்டாணி, தக்காளி, உருளைக்கிழங்கு போன்றவற்றைக் கெடுக்க, கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாத மிக நுண்ணிய அளவே போதும். எரு பார்வைக்குக் கறுப்பாக, மணமாக, புழு நெளிய, உலகத்திலேயே சிறந்த உரம்போல இருக்கும்.

எனக்குப் பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து வந்த எருவும் அப்படித்தான் இருந்தது. ருபார்ப் குழிக்குள் கொட்டுவதற்கு முன் அதில் ஒரு பங்கைச் சட்டியில் போட்டு பீன்ஸ் விதை ஊன்றி, சமையலறை சன்னல் ஓரத்தில் வைத்தேன். பக்கத்திலேயே வெறும் மண்ணில் ஊன்றிய மற்றொரு சட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் முளைத்தன. வெறும் மண்ணில் வந்த செடி இலையைத் தட்டையாக விரித்தது. எருச் சட்டியில் வந்த செடியின் இலைகளோ பிறந்த குழந்தையின் விரல்களைப் போல உள்ளே மடங்கி, நரம்புகள் நெருங்கி, நுனி கூம்பி, விரியவே இல்லை. தண்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. அதைப் பார்த்து எனக்கு வந்தது வருத்தமன்று, கோபம்தான். டிரெய்லர் நிறைய வந்திறங்கிய அந்த எரு முழுவதும் இன்று என் நிலத்தின் ஓரத்தில் கிடக்கிறது.

லாயத்தில் கேட்டால், நாங்கள் எதுவும் தெளிக்கவில்லை, உலர்புல்லை வெளியிலிருந்து வாங்குகிறோம் என்கிறார்கள். புல் விற்றவரைக் கேட்டால், எந்த வயலில் எந்த ஆண்டு வெட்டியது என்று யாருக்குத் தெரியும் என்கிறார். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்க வேண்டிய தேவையில்லை. கேட்கவும் சொல்லவும் கடமைப்படாத ஒரு சங்கிலியில் ஆளுக்கு ஒரு கண்ணியாக இருந்தாலே போதும். இது யாரும் எதிர்பாராத விபத்து என்று சொல்லவும் முடியாது. 2008இலேயே இந்த நாடு முழுவதும் அலாட்மென்ட்களில் தக்காளியும் உருளைக்கிழங்கும் இதே போலச் சுருண்டு, பெரும் கூச்சல் எழுந்து, அந்த மருந்தின் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு, மருந்து பட்ட தீவனமும் எருவும் பண்ணையை விட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தார்கள். நிபந்தனை எழுதப்பட்டிருப்பது மருந்து வாங்குகிறவரின் கையில் இருக்கிற லேபிளில். உலர்புல் கட்டு மூன்று கை மாறி லாயத்துக்கு வரும்போது அதில் லேபிள் ஏது?

வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சோதித்துத்தான் பார்த்தேன்; ஆனால் அந்தச் சோதனைக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கிறது, குளிர்காலத்தில் வெளியே விதை முளைக்காது, அதற்குள் ருபார்ப் நடுகிற பருவம் முடியப் பார்க்கிறது, காகிதத்தில் சுற்றி வந்த வேர்க்கிழங்கு காய்ந்துகொண்டிருக்கிறது. இத்தனையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது நேற்று மண்வெட்டி பிடித்த புதியவர் என்றும், தன் வயலில் என்ன தெளித்தோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தர வேண்டியதில்லை தொழில்முறை விவசாயி என்றும் வைத்திருக்கிற ஏற்பாடு எந்த ஊர் நியாயம்?

கேட்பது பெரிய காரியமும் அன்று. உலர்புல்லும் எருவும் கைமாறுகிற ஒவ்வொரு முறையும், அந்த நிலத்தில் எந்தக் களைக்கொல்லி எப்போது தெளிக்கப்பட்டது என்ற எழுத்து உடன் வர வேண்டும், அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். தேயிலைப் பையில் பிளாஸ்டிக் இருந்தால் டப்பாவின் முகப்பில் சொல்ல வேண்டும். தொழிற்கூடத்தில் மட்டுமே மட்குகிற பொருளின் மேல், வீட்டுக் குவியலில் போடாதீர்கள் என்று பெயருக்கு நிகரான பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். என் நிலத்தின் ஓரத்தில் கிடக்கிற எருவைக் குப்பை மையத்துக்குக் கொண்டுபோக என்னிடம் வண்டி இல்லை, இருந்தாலும் நான் ஏன் கொண்டுபோக வேண்டும்? வந்த டிரெய்லரிலேயே அதை ஏற்றிக்கொண்டுபோய், அந்த மருந்தால் கெடாத புல்வெளியில் இறைக்க வேண்டியது கொடுத்தவர்களின் பொறுப்பு. அதைத்தான் அவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.