ஊர் வந்து சேர்றதே தெரியாதாம்

நேத்து சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தேன். ஹால்ல எங்க வீட்டுக்காரர் யாரோ ஆபீஸ் நண்பருக்கு போன்ல உபதேசம் பண்ணிட்டு இருக்கார். "சின்னப் பிள்ளைங்களோட கார்ல ஊருக்குப் போறதுக்கெல்லாம் எதுக்குப் பயப்படுற மச்சான்? டேப்லெட்ல ஒரு படத்தப் போட்டு விட்ரு. சத்தமே இருக்காது. ஊர் வந்து சேர்றதே தெரியாது."

தெரியாதாம்!

யாருக்குத் தெரியாது? ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டு, கண்ணாடியில ஒரு தடவகூட பின்னாடி பாக்காம வந்த மகராசனுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் தெரியும். தாம்பரத்துல இருந்து திருநெல்வேலி கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். எந்த மைல்கல்லுகிட்ட எந்தப் பிள்ளை எதுக்கு அழுதுச்சுனு இப்பக் கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவேன். கத்தியைக் கீழ வெச்சேன். வெச்சது நல்லதுதான்.

பொங்கலுக்குப் போனோம். காலையில 4 மணிக்குக் கிளம்பியாச்சு. முன்னாடி அவரு, பக்கத்துல மாமா. கண் ஆபரேஷனுக்காக எங்ககூட ரெண்டு மாசம் இருந்துட்டு ஊருக்குத் திரும்புறாரு. பின்னாடி வலதுபக்கம் 6 வயசுப் பெரியவ, இடதுபக்கம் 3 வயசுச் சின்னவன். நடுவுல நான். நடு சீட்டுல உக்காந்து போனவங்களுக்கு மட்டும்தான் அந்த இடத்தோட அருமை தெரியும். காலுக்கு அடியில மேடு, முதுகுக்குப் பின்னாடி எவனோ கை வெச்சுக்கறதுக்காக மடக்கி வெச்ச கட்டை. மடியில பிளாஸ்க், பிஸ்கட், ஈரத்துணி, ரெண்டு செட் மாத்துத்துணி.

பரனூர் டோல் வரிசையில நிக்கும்போதே சின்னவன் முழிச்சுட்டான். "ஊரு வந்துருச்சா?" வரல ராசா, இன்னும் செங்கல்பட்டே வரல. "அந்த டேப்பைக் குடுத்துரு, நான் நிம்மதியா ஓட்டணும்ல"னு முன்னாடி இருந்து உத்தரவு. அவ்வளவுதான், கொட்டகை திறந்தாச்சு.

2 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை பாக்கக்கூடாதுனு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியிருக்கு. குறைச்சா இன்னும் நல்லதாம். எங்க சின்னவனோட அந்த ஒரு மணி நேரக் கோட்டா ஆத்தூர் டோல் தாண்டுறதுக்குள்ள காலி. மீதி ஒன்பது டோலுக்கு என்ன பண்ணணும்னு அந்த அறிக்கை எழுதினவங்க சொல்லல. பொங்கலுக்கு முந்தின நாள், சென்னையில இருந்து தெற்க போற இந்த ஜிஎஸ்டி ரோட்டுல அவங்க ஒரு தடவையாவது நடு சீட்டுல உக்காந்து வரணும்.

முன் சீட்டுத் தலையணைக் கம்பியில டேப்பைத் தொங்கவிடுறதுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கியிருந்தார். ஆன்லைன்ல நாலரை ஸ்டார். நல்லாத்தான் இருந்துச்சு, மாமா சீட்டைச் சாய்க்கிற வரைக்கும். அவரு பாவம், கண்ணு கூசுதுனு சாஞ்சாரு. டேப் மல்லாந்துருச்சு. பிள்ளைங்களுக்கு வெளிச்சம் தெரியுது, படம் தெரியல. நிமித்தி வெச்சேன். வண்டி ஒரு குலுக்கல்ல திரும்ப மல்லாந்துருச்சு. நாலாவது தடவை ஸ்டாண்டோட காது உடைஞ்சு என் கையில வந்துருச்சு.

அன்னைக்கு விக்கிரவாண்டியில இருந்து நான்தான் ஸ்டாண்டு.

கையை நீட்டி டேப்பைப் பிடிக்கணும். ரெண்டு பேருக்கும் சமமாத் தெரியணும். இந்தப் பக்கம் ஒரு இஞ்சு திரும்பினா அந்தப் பக்கம் "அம்மா!". அந்தப் பக்கம் திருப்பினா இந்தப் பக்கம் "அம்மா!". அதுக்குள்ள விடிஞ்சுருச்சு. தெற்க பாத்துப் போற ரோடு, வெயில் இடதுபக்க ஜன்னல் வழியா நேரா திரையில. இப்ப ஒரு கையில டேப், இன்னொரு கையில துப்பட்டாவை விரிச்சு திரைச்சீலை. டூரிங் டாக்கீஸ்னு எதை எதையோ சொல்றாங்க. அதெல்லாம் ஒரே ஊர்ல மாசக்கணக்கா நின்ன கொட்டகைங்க. நிஜமா டூர் போன டாக்கீஸ் எங்களோடதுதான். ஆபரேட்டர், டிக்கெட் கிழிக்கிறவர், முறுக்கு விக்கிறவர், சண்டை வந்தா விலக்கி விடுறவர், கடைசியில கூட்டிப் பெருக்குறவர் எல்லாம் நான் ஒருத்திதான். முதலாளி முன்னாடி வண்டி ஓட்டுறார்.

ஹெட்போன் கதை தனி. ரெண்டு பிள்ளை, ஒரு ஹெட்போன். விட்டுடுங்க.

இதுக்கு நடுவுல மாமா ஆரம்பிச்சார். "ஏம்மா, பிள்ளையளுக்கு ஜன்னல் வழியா காட்டக்கூடாதா? நாங்கள்லாம் அந்தக் காலத்துல பனைமரத்த எண்ணிக்கிட்டே வருவோம்லா!"

ஏன் மாமா, நானும் காட்டினேனே. மதுராந்தகம் ஏரியைக் காட்டலாம்னா இருட்டு. சிவப்புக் காரை எண்ணுற விளையாட்டு வெச்சேன். மூணாவது காரை யாரு முதல்ல பாத்ததுங்கற வழக்குல மூக்குல நகம் பட்டு ரத்தம் வந்துச்சு. இந்தப் பக்கம் வர்ற காரெல்லாம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்குனு பாகம் பிரிச்சேன். சிவப்புக் காரே வராத பக்கத்துக்காரன் அழ ஆரம்பிச்சான். இதெல்லாம் 14 கிலோமீட்டர் தாங்குச்சு.

அதைவிட பனைமரம் எண்ணின கதையை உடைச்சது யாருனு நினைக்கிறீங்க? அவரு பெத்த பிள்ளையேதான். "எங்கப்பா எண்ணினீங்க? என்னை மெட்ராசுக்கு வீடியோ கோச்சுலதான கூட்டிட்டு வருவீங்க"னு சிரிக்கிறார். அதானே! டிரைவருக்குப் பின்னாடி மரப்பெட்டிக்குள்ள டிவி, கிளீனர் சாவி போட்டுத் திறந்தா ராத்திரி ஒரு மணி வரைக்கும் பஸ் முழுக்க சண்டைக் காட்சி. தூங்கணும்னு கெஞ்சினவங்களை இன்னொரு படம் போடச் சொன்னவங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்த காலம் அது. அந்த இருட்டுல எந்தப் பனைமரம்? இந்தத் தலைமுறை என்னமோ நாங்க பெத்ததாலதான் திரையில விழுந்துருச்சுனு பேசுறவங்க எல்லாரும் வீடியோ கோச்சுல டிக்கெட் எடுத்துப் போனவங்கதான். மாமா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசல. எனக்கு அந்தப் பயணத்துல கிடைச்ச ஒரே சந்தோஷம்.

திருமாந்துறை டோல் தாண்டினதும் சின்னவன் ரொம்ப அமைதியா இருந்தான். தாய்மாருங்களே, அந்த அமைதி எப்படிப்பட்டதுனு உங்களுக்குத் தெரியும். உதட்டைச் சுத்தி வெளுத்துப் போயிருந்தான். காதுக்கு உள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "நாம ஓடிக்கிட்டு இருக்கோம்"னு மூளைக்குச் சொல்லுது. கண்ணு "பொய், நாம உக்காந்து ஜேசிபி கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருக்கோம்"னு சொல்லுது. இவங்க ரெண்டு பேர் வழக்குல வயிறுதான் தீர்ப்பு சொல்லும். 2 வயசுக்கு மேல, 12 வயசு வரைக்கும் இந்தத் தொல்லை ரொம்ப ஜாஸ்தி. கண்ணாடி வழியா தூரத்துல பாத்துக்கிட்டே வந்தா குறையும்னு டாக்டருங்க எல்லாரும் சொல்றதுதான். தூரத்துல பாக்கவே கூடாதுனு தான நாம திரையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கோம்.

"வண்டியை நிறுத்துங்க"னு சொன்னேன். "இரு, ஒரு நல்ல இடமா பாத்து..." நல்ல இடமா! கல்யாண மண்டபமா பாக்கப் போறோம்? அவர் நல்ல இடம் பாக்குறதுக்குள்ள தீர்ப்பு வந்துருச்சு. உளுந்தூர்பேட்டையில சாப்பிட்ட இட்லி, பரனூர்ல சாப்பிட்ட பிஸ்கட், எல்லாம். என் மடியில. முதலாளி கண்ணாடியை இறக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு கேட்டது என்ன தெரியுமா? "டேப் மேல படலையே?"

இதை நான் சாகும்போதும் மறக்க மாட்டேன்.

துடைச்சு, மாத்தி, எலுமிச்சம்பழம் கீறி மூக்குல வெச்சுக் கிளம்பினோம். பெரம்பலூர் பக்கம் ரோட்டோரத்துல மேம்பால வேலை. அங்க நிஜமாவே ஒரு ஜேசிபி மண் அள்ளிக்கிட்டு இருக்கு. மஞ்சள் கலர், புழுதி பறக்குது. மாமாவுக்கு உயிர் வந்துருச்சு. "ஏல, அங்க பாரு ஜேசிபி! எம்மாம்பெரிசு!" சின்னவன் டேப்புல இருந்து தலையைத் தூக்கினான். பாத்தான். "இது இல்ல"னு சொல்லிட்டுத் திரும்பக் குனிஞ்சுட்டான். அவனோட ஜேசிபிக்குக் கண்ணு இருக்கு, பாட்டு வேற பாடும். ரோட்டுல நிக்கிறது வெறும் மண்ணுதான அள்ளுது.

திருச்சியிலயும் அதே கதை. கொள்ளிடத்துப் பாலத்துல போகும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் காட்டினார் மாமா. 236 அடி. பாதியில நின்னுபோய் நூத்தாண்டுக் கணக்கா மொட்டையா இருந்து 1987லதான் முடிஞ்சதுனு விவரமா சொன்னார். 236 அடி, பத்து இஞ்சுகிட்ட தோத்துருச்சு.

ஆனா உண்மையான விபரீதம் துவரங்குறிச்சியிலதான். பெரியவளோட முறை. ஒரு நாய்க்குட்டி படம். முந்தின நாள் ராத்திரியே வைஃபையில டவுன்லோட் பண்ணிட்டேன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். படம் நல்லாத்தான் ஓடுச்சு. நாய்க்குட்டி வழி தவறிருச்சு. மழை வந்துச்சு. நாய்க்குட்டி வழுக்கிக் கிணத்துல விழுந்துச்சு. படம் நின்னுச்சு.

47 சதவீதம்தான் இறங்கியிருக்கு. சார்ஜ் ஏறுதானு பாத்துட்டு, படம் ஏறுச்சானு பாக்கல. அவர் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா, ஒரு கோடு சிக்னல் வரும், போகும். வட்டம் சுத்துது. நாய்க்குட்டி கிணத்துல இருக்கு. "அம்மா, நாய்க்குட்டி செத்துருச்சா?" இல்லடா கண்ணு. "அப்ப ஏன் வரல?" ஃபயர் சர்வீஸ் மாமா வந்து கயிறு போட்டு எடுத்துருவாங்க. "உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்தியா?" பாக்கல. "பொய் சொல்ற!" கொட்டாம்பட்டி. நாய்க்குட்டி கிணத்துல இருக்கு. மேலூர். கிணத்துல இருக்கு. ஒத்தக்கடைகிட்ட யானை படுத்திருக்கிற மாதிரியே இருக்குமே யானைமலை, அதைக் காட்டி "பாரு யானை"ங்கறேன். "யானை வந்து நாய்க்குட்டியை எடுக்குமா?" அழுகை. இப்ப சின்னவனும் சேர்ந்து அழறான். எதுக்குனு தெரியாது, அக்கா அழறாளே. முதலாளி திரும்பிக்கூடப் பாக்காம சொல்றார், "வேற படம் போட்டு விடேன்."

விருதுநகர்ல பொரிச்ச பரோட்டாவுக்கு நிறுத்தினோம். நான் சாப்பிடல, பிசைஞ்சு ஊட்டினேன். சாத்தூர்ல டேப் சார்ஜ் தீர்ந்துருச்சு. வயர் எங்கேனா, வீட்டுல சுவத்துலயே மாட்டியிருக்கு. கோவில்பட்டியில கடலை மிட்டாய் வாங்கிக் கையில குடுத்தேன். கயத்தாறு வருது. மாமாவுக்கு இப்பத்தான் நேரம் வாய்ச்சுது, திரையும் இல்ல, தடையும் இல்ல. தொண்டையைச் செருமிக்கிட்டு, "இங்கதாம்ல 1799ல கட்டபொம்மனைத் தூக்குல போட்டான் வெள்ளக்காரன்"னு ஆரம்பிச்சு திரும்பிப் பாக்குறார். ரெண்டும் வாயில கடலை மிட்டாயோட தூங்கிருச்சு. "உறங்கிட்டுதுவளா?"னு அவர் கேட்ட குரல்ல எனக்கே பாவமாப் போச்சு. நான் உம் கொட்டிக் கேட்டேன். 600 கிலோமீட்டரும் தூங்காததுங்க, ஊரு வர அரை மணி நேரம் இருக்கும்போது தூங்கி, வாசல்ல இறங்கினதும் பளிச்சுனு முழிச்சு, ராத்திரி 2 மணி வரைக்கும் மாடியில ஓடுச்சுங்க.

வாசல்ல அத்தை வந்தாங்க. "பாவம், என் பிள்ள ஒத்தையில இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்திருக்கான். போய்ப் படுய்யா." அவர் போய்ப் படுத்தார். என்னைப் பாத்து, "சேலையில என்னமா கறை?"

சேலை இல்லத்த, சுடிதார். பரவால்ல விடுங்க.

கை வலி போக நாலு நாள் ஆச்சு. சென்னைக்குத் திரும்பி வந்த அன்னைக்கு மொத வேலையா வைஃபையப் போட்டு அந்த மீதி 53 சதவீதத்தை இறக்கினேன். அந்த நாய்க்குட்டி ரெண்டே நிமிஷத்துல தானாவே படியேறி வெளிய வந்துருச்சு. படிக்கிணறாம். கத்திக் கூப்பிட்டேன், "ஏய், நாய்க்குட்டி வந்துருச்சு, ஓடி வா!" பெரியவ ஸ்கெட்ச் பேனாவை மூடாமலே நிமிந்து பாத்து, "எந்த நாய்க்குட்டி?"ங்கறா. சோபாவுல உக்காந்து தனியா சிரிச்சேன். முழுப் படத்தையும் பாத்து முடிச்சேன். சுமாரான படம்.

அப்புறம் தண்ணி ஊத்தலாம்னு பால்கனிக்குப் போனா, ரெண்டு வருஷமா வளத்த கறிவேப்பிலைச் செடி குச்சியா நிக்குது. பக்கத்து வீட்டுல சாவி குடுத்து, தினம் ஒரு செம்பு தண்ணி ஊத்துங்கனு சொல்லிட்டுத்தான போனேன்? கேட்டா, "ஒரு நாள்கூட விடாம ஊத்தினேனே"ங்கறாங்க. ஊத்தியிருக்காங்க. ஹால்ல டிவி பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் செடிக்கு. தொட்டி நிறைய தளும்பி நிக்குது தண்ணி.