பைபாஸ் ஃபில்டர் போட்டாலும் மினாக் ஈத்தாம் மாற்றித்தான் ஆகணும்

தம்பி, வண்டியில் இருக்கிற ஃபில்டரோடு கூடுதலாகப் பைபாஸ் ஃபில்டர் மாட்டினால் இனி மினாக் ஈத்தாமே (இன்ஜின் ஆயில்) மாற்ற வேண்டாம், பழைய ஃபில்டரையும் கழற்றிவிடலாம்னு எழுதியிருக்கீங்க. இரண்டுமே தப்பு. இதை நம்பிச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் யாராவது செய்தால் இன்ஜின் போய்விடும்.

பம்ப் தள்ளும் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான் பைபாஸ் ஃபில்டருக்குள் போகும். மெதுவாகப் போவதால்தான் சில மைக்ரான் தூளைக்கூட அது பிடிக்கிறது. பிறகு அந்த எண்ணெய் நேராக சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டிக்கு, திரும்பிவிடும். பேரிங்குக்குப் போகும் எண்ணெயை வடிகட்டுவது அந்தப் பழைய ஃபில்டர்தான்.

இன்னொன்று. எண்ணெயில் அமிலத்தை முறிக்கும் மருந்து தீர்ந்துபோனால் சாதாரண ஃபில்டர் அதைத் திருப்பித் தராது. கலந்துவிட்ட டீசலையும் பிரிக்காது. தோட்டத்து மண் ரோட்டில் ஊர்ந்து, ஆலை வாசலில் இன்ஜினை ஓடவிட்டே வரிசையில் நிற்கிற வண்டிகள் நம்முடையவை; எண்ணெய் சீக்கிரமே கெடும். மாற்றும் இடைவெளியை நீட்டலாம், அது உண்மை. ஆனால் எண்ணெய் மாதிரியை லேப்பில் சோதித்த பிறகுதான்.

பீடோரில் என் லாரிக்கு மாட்டியபோது, பைபாஸ் ஃபில்டருக்குள் போகும் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளை இணைப்பை பெங்கேலில் (பட்டறையில்) விட்டுவிட்டார்கள். வண்டி சும்மா நின்று ஓடும்போதே ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. உடனே அணைத்ததால் தப்பியது. மாட்டுபவர்கள் முதலில் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, கசிவு பார்த்து, ஆயில் குச்சியில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள்.