ஒரே காலக்கோட்டில் இரண்டு வரலாறுகள்

சிறு பிள்ளைகளுக்கு வரலாற்றை, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் தொடங்கிக் கால வரிசையாகவே கற்பிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை ஏற்கிறேன். ஆனால் பைபிள் சொல்லும் வரலாறும் உலக வரலாறும் தனித்தனி நோட்டுகளில் இருந்தால், அவை வெவ்வேறு உலகங்களில் நடந்தவை என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் சுவரில் ஒட்டிய ஒரே காலக்கோட்டில் இரண்டையும் எழுதுகிறோம். பைபிளில் எஸ்றா நூலின் முதல் அதிகாரத்தில் யூதர்களை எருசலேமுக்குத் திரும்ப அனுமதிக்கும் கோரேஸ் (சைரஸ்), கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னர்தான் என்று சொல்லி, 1879-இல் அங்கே கண்டெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய, எழுத்துகள் பொறித்த களிமண் உருளையின் படத்தைக் காட்டியபோது, என் ஏழு வயது மகள் வியந்துபோனாள். அந்த உருளையில் யூதர்களைப் பற்றிய குறிப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதை மட்டும் பத்து வயது வரை தள்ளிவைத்திருக்கிறோம்.