இன்னுமா மாஸ்க்கு?

மாதம் ஒரு முறையாவது அக்காவோடு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். அக்காவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் போய்விடக் கூடாது என்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறாள். நமக்கு நாலு நாளில் போய்விடும் சளி அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். அதனால் பஸ் ஏறும்போதே மாஸ்க் போட்டுவிடுவாள்.

போன வாரம் ரெட்டிச்சாவடி தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். "ஏம்மா, கொரோனா போயி எத்தினி வருஷம் ஆச்சு, இன்னுமா மாஸ்க்கு?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முள்ளோடை வருவதற்குள் மாஸ்க்கைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். பின் சீட்டில் ஒருவர் வாயைக்கூட மூடாமல் புதுச்சேரி வரைக்கும் இருமிக்கொண்டே வந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. "நம்ம ஜனங்களுக்கு எல்லாம் மறந்துபோச்சு, பட்டாலும் புத்தி வராது" என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலூர்க்காரர்களுக்கு மறதி கிடையாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' என்ற புயல் நம் கரையில் ஏறியது. இன்றைக்கும் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்போம். யாரும் அபராதம் போட்டு இதைச் சொல்லித்தரவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்று நமக்கே தெரியும்.

கொரோனா காலத்துப் பழக்கங்கள் நம்மிடம் வந்து சேர்ந்த விதம் வேறு. 2020 மே முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் கடையில் வேலை பார்த்தவர்களும் ஊர் திரும்பினார்கள். நம் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் தொற்று உறுதியானது. பிழைக்கப் போன இடத்தில் நோய் ஒட்டியது அவர்கள் தப்பா? ஆனாலும் "கோயம்பேட்டுலேர்ந்து வந்தவன்" என்பது கிட்டத்தட்ட வசவாகவே ஆகிவிட்டது. தெருவில் தடுப்பு, வீட்டுக் கதவில் ஸ்டிக்கர், மாஸ்க் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம். இருமினால் குற்றவாளி. மாஸ்க் என்றால் போலீஸ். இப்படி மனதில் பதிந்த ஒன்று, போலீஸ் போனதும் தானும் போய்விட்டது. நம் இருமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாமல் இருக்கத்தான் மாஸ்க் என்பதை யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்லித்தரவே இல்லை.

உண்மையில் விஷயம் அதுதான். சாதாரண மாஸ்க்கை நோய் இல்லாதவர் போடுவதைவிட இருமுகிறவர் போட்டால்தான் பலன் அதிகம். வாயிலிருந்து கிளம்பும் துளியை அது கிளம்பும் இடத்திலேயே பிடித்துவிடுகிறது. வெளியே வந்துவிட்டால் பெரிய துளிகள் கீழே விழும், நுண்ணியவை காற்றில் மிதக்கும். ஜன்னலை மூடிய பஸ்ஸில் அவை நெடுநேரம் சுற்றும். அன்றைக்கு அக்கா மாஸ்க் போட்டிருந்தாலும் பாதிப் பாதுகாப்புதான். மீதி அந்தப் பின் சீட்டுக்காரர் கையில் இருந்தது.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்ஃப்ளூயன்சா வைரஸில் பி-யமகாட்டா என்று ஒரு வகை உண்டு. வருடா வருடம் உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த அது, 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் பரவியதாக உறுதியான தகவலே இல்லை. ஃப்ளூ தடுப்பூசியில் அந்த வகை இனி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பயணம் நின்றது, கூட்டம் குறைந்தது, மாஸ்க் போட்டோம், கை கழுவினோம். கொரோனாவுக்காகச் செய்ததில் வேறொரு கிருமிக்கு வழி அடைபட்டுப் போனது.

பழக்கம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சல் பரவி, புதுச்சேரியில் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். அதே வருடம் மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கான அவசர நிலையை விலக்கிக்கொண்டது. விலகியது அவசர நிலைதான், வைரஸ் இங்கேயேதான் இருக்கிறது. காசநோய் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது, அதுவும் இருமலில்தான் பரவுகிறது.

இடையில் இன்னொன்று. "நம் முன்னோர் தீட்டு என்று தள்ளி வைத்ததெல்லாம் விஞ்ஞானம்தான்" என்று கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றியது, இப்போதும் சுற்றுகிறது. எனக்கு அது ஆறவே ஆறாது. தனி டம்ளர் வைத்து மனிதனை ஒதுக்கியது எந்தக் கிருமிக்காகவும் இல்லை. நோய் பரவாமல் இருக்கத் தள்ளி நிற்பதையும் அதையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

சரி, மக்கள் மனசு வைத்தால் மட்டும் போதுமா? போதாது. அப்போது ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு டிரம், குழாய், பக்கத்தில் சோப்பு இருந்தது. இன்று எத்தனை மார்க்கெட்டில் இருக்கிறது? மீன் அரிந்த கைக்கு சானிடைசர் உதவாது. அழுக்கும் பிசுக்கும் இருக்கும் கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். குழாயை எடுத்துவிட்டு, கை கழுவும் பழக்கம் போய்விட்டது என்று மீன் அரியும் அம்மாக்களைக் குறை சொல்வது நியாயமா? காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போச்சு. பள்ளிகள் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கின்றன. என் மகனும் போன வருடம் அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு போக நின்றான். போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவன் மேல் என்ன தப்பு? அப்படி ஒரு பரிசை வைத்தது பெரியவர்கள்தானே. அதை முதலில் நிறுத்த வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

எல்லோரும் எப்போதும் மாஸ்க்கோடு திரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாலு நாள் சளி, இருமல் இருக்கும்போது, பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் மட்டும் போடுங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். போட்டிருப்பவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் கீமோ சிகிச்சையில் யாராவது இருக்கலாம், பச்சைக் குழந்தை இருக்கலாம். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆட்களிடம் தன் நோய்க் கதையைச் சொன்னால்தான் மாஸ்க் போடலாம் என்று யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது.

அன்று என் முகத்தில் மாஸ்க் இல்லை. அக்கா கழற்றியதற்கு அந்த அம்மாவின் கேள்வி எவ்வளவு காரணமோ, பக்கத்தில் நான் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்ததும் அவ்வளவு காரணம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த செக்கப் வரும் செவ்வாய்க்கிழமை. இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டேன்.