முட்டைக்குள் இருக்கும் மீனையும் கணக்கில் எடுப்போம்

காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து கடல் அமிலமயமாவதால் பவளப்பாறை மீன்குஞ்சுகளுக்கு மோப்பம் தடுமாறும், தம்மை உண்ணும் மீனின் வாடையை நோக்கியே அவை நீந்தும் என்று 2009 முதல் வந்த ஆய்வுகளைப் படித்துக் கலங்கியவர்களில் நானும் ஒருவன். 2020இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு, அதே வகைச் சோதனைகளைப் பல மீனினங்களில் மீண்டும் செய்து, அப்படியொரு பெரிய பாதிப்பு தென்படவில்லை என்று காட்டியது. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால், அதைக் காட்டி "மீன்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லப்படுவதை ஏற்க இயலவில்லை. நடத்தை வேறு, உடல் உருவாகும் விதம் வேறு.

பவளப்பாறைகளில் வாழும் கோமாளி மீனின் முட்டைத் திரளை அருகில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடற்சாமந்தி என்னும் கடலுயிரியின் அடியில் பாறையோடு ஒட்டிய அம்முட்டைகளை ஆண்மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளியாய் மின்னும் இரு கண்கள் தெரியும். வளர்ந்த மீன், இரத்தத்தில் கூடும் அமிலத்தைச் செவுள் வழியாகச் சரிசெய்துகொள்கிறது. செவுள் முழுமையாக உருவாகாத கருவோ, தோலில் உள்ள சில உயிரணுக்களை நம்பியே அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது செவிக்கல். மீன் சமநிலை காப்பதற்கும் ஒலி உணர்வதற்கும் உதவும் இச்சிறு கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமில நீரில் சிப்பியின் ஓடு மெலிவது போல இதுவும் மெலியும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால், 2009இல் கலிஃபோர்னியக் கரையோர மீனொன்றின் குஞ்சுகளில் அது இயல்பைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. அமிலத்தை ஈடுகட்ட உடலில் சேரும் பைகார்பனேட் என்னும் அயனி, கல்லையும் வளர்க்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். கோமாளி மீன் குஞ்சுகளிலோ, கரியமில வாயு மிக உயர்ந்த அளவை எட்டியபோதுதான் இம்மாற்றம் தெரிந்தது. ஆகவே, ஓரினத்தில் கண்டதை எல்லா மீன்களுக்கும் பொருத்திப் பேசுவது தவறு.

தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1ஆகக் குறைந்துள்ளது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூற்றுக்கு முப்பது பங்கை ஒட்டிக் கூடிவிட்டது என்பது அதன் பொருள்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2012இல் வெளியான ஆய்வொன்றில், கரியமில வாயு மிகுந்த வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த கோமாளி மீன் குஞ்சுகள் நலிந்தன. பெற்றோரும் அதே நீரில் வாழ்ந்திருந்தபோது அந்த நலிவு தென்படவில்லை. இந்தத் தாங்குதிறன் எத்தனை தலைமுறைக்கு நிற்கும், அதற்குத் தாய்மீன் தரும் விலை என்ன என்பவற்றைச் சில வாரச் சோதனைகளால் அறிய முடியாது. எனவே, வெப்பத்தையும் அமிலத்தையும் சேர்த்து, முட்டை முதல் முட்டையிடும் பருவம் வரை பல தலைமுறைகளைத் தொடரும் ஆய்வுகளுக்கே இனி நிதியும் நேரமும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.