படுவான்கரை வயல்களும் வைக்கோல் எரிப்பும்

மண்வளம் குன்றுவதற்கு இரசாயன உரத்தின் மிகைப் பாவனையே முதற்காரணம் என்கிறது நான் வாசித்த கட்டுரை ஒன்று. அது உண்மையின் ஒரு பகுதிதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் அம்பாறையிலும் அறுவடை இயந்திரம் வெளியேறியதும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கத்தை அக்கட்டுரை தொடவேயில்லை என்பது கவலை தருகிறது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும் 12 முதல் 17 கிலோகிராம் பொட்டாசியமும் அடங்கியுள்ளன. எரிக்கும்போது நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடுகிறது, பொட்டாசியத்திலும் ஒரு பங்கு இழக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது பசளையின்றி நாம் பட்ட பாட்டுக்குப் பின்னரும் இவ்வழக்கம் தொடர்வது வேதனைக்குரியது.

வைக்கோலைச் சீராகப் பரப்பி, நிலத்தில் ஈரம் இருக்கும்போதே, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் உழுது புதைத்துவிட வேண்டும். விதைப்பை ஒட்டிப் புதைத்தால், அதை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கும். நீர்ப்பாசன வயல்களில் பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரு நெற்செய்கைப் பருவங்களுக்கு இடையே அவகாசம் குறைவு என்பதை ஏற்கிறேன். அங்கே வைக்கோலை ஓர் ஓரத்தில் குவித்து, மாட்டெருவுடன் உக்கவைத்து, அடுத்த போகத்துக்கு இடலாம். மழையை நம்பி ஒரு போகம் மட்டுமே செய்யும் மானாவாரி வயல்களுக்கோ அவகாசமில்லை என்ற அந்தக் காரணமும் இல்லை.