சூப்பர்ஹூலாக்கைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

சூப்பர்ஹூலாக் என்றாலே இப்போது எல்லோருக்கும் ஒரு நக்கல் சிரிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு அதிலேயே மூழ்கிக் கிடந்தவர்கள்கூட "அட, அந்த டம்ப்ளர் (Tumblr வலைத்தளம்) கிறுக்கா" என்று கழன்றுகொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் சூப்பர்நேச்சுரல் (பேய் வேட்டையாடும் வின்செஸ்டர் சகோதரர்கள்), பிரிட்டனின் டாக்டர் ஹூ (காலப் பயணம் போகும் டாக்டர்), ஷெர்லாக் (துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ்) என்ற டிவி தொடர்கள் மூன்றையும் ஒரே உலகமாக்கி ரசிகர்களே எழுதி, வரைந்து, வெட்டி ஒட்டி விளையாடிய கிராஸ்ஓவர் அது. 2012, 2013 வாக்கில் உச்சம். ஷெர்லாக்கில் சீசனுக்கு மூன்றே எபிசோட். 2012 ஜனவரியில் ஷெர்லாக்கை மருத்துவமனை மாடியிலிருந்து குதிக்கவிட்டவர்கள் 2014 ஜனவரி 1 வரை காக்க வைத்தார்கள். அத்தனை நாள் ரசிகர் சும்மா இருப்பாரா? டாக்டர் ஹூவிலோ போலீஸ் பெட்டி வடிவத்தில் ஒரு கால எந்திரம் நிற்கிறது, அதை எந்த ஊரில் எந்த வருடத்தில் கொண்டுபோய் இறக்கினாலும் லாஜிக் கேட்க முடியாது. போதாக்குறைக்கு மூன்று தொடரிலும் நீளக் கோட்டு போட்ட ஆள் ஒருத்தர் இருந்தார்!

ஷெர்லாக்கை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவன் மொஃபட்தான் அப்போது டாக்டர் ஹூவையும் நடத்தினார். அப்படியும் இரண்டும் அதிகாரபூர்வமாகச் சேரவில்லை. டாக்டர் ஹூவின் 2012 கிறிஸ்துமஸ் எபிசோடில் அந்த டாக்டர், ஷெர்லாக் ஹோம்ஸின் தொப்பியோடு வந்து சீண்டிவிட்டுப் போனதோடு சரி. சூப்பர்நேச்சுரலோ வேறு நாடு, வேறு முதலாளி. (2018இல் அது ஸ்கூபி-டூ கார்ட்டூனோடு சேர்ந்ததே என்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டுமே வார்னர் வீட்டுப் பிள்ளைகள்.)

ரசிகர்கள் செய்த அந்த ஜிஃப் செட்டுகளில் (அசையும் குட்டிப் படங்களின் வரிசை) இருந்த உழைப்பைத்தான் யாரும் பேசுவதில்லை. ஒரு நடிகர் இடப்பக்கம் பார்த்து முகம் சுளிக்கும் ஷாட், இன்னொருவர் வலப்பக்கம் பார்த்து அலட்சியமாகத் தோளைக் குலுக்கும் ஷாட், இரண்டையும் சீசன் சீசனாகத் துழாவி எடுத்து, வான்கூவரில் படமான மங்கலையும் கார்டிஃபில் படமான நீலத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து, கீழே புது வசனம் போட்டால் இரண்டு பேரும் ஒரே அறையில் சண்டை போடுவார்கள். இது அசல் எடிட்டிங் வேலை, சினிமாக் கல்லூரியில் சொல்லித் தருவதைக் கூலியில்லாமல் செய்தார்கள். இப்போது ஏஐயிடம் கேட்டால் மூன்று தொடரின் நாயகர்களும் கைகுலுக்கும் வீடியோ உடனே வந்து விழுகிறது. பார்த்தேன். சப்பென்று இருந்தது.

குப்பையும் ஏராளம், மறுக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தவுடன் நண்பர்களாகி டீ குடிக்கும் கதைகளை என்னால் இரண்டு பக்கம் தாண்ட முடியாது. ஒரு உலகத்தின் விதி இன்னொன்றின் விதியோடு முட்டும்போதுதான் கிராஸ்ஓவர் கதையாகிறது. பேய் நிஜமாகவே இருக்கிற உலகத்தில் ஷெர்லாக்கின் தர்க்கம் என்ன ஆகும்? சாத்தியமில்லாதவற்றைக் கழித்துக்கொண்டே போகிறவருக்கு முதல் கழித்தலே தப்பாகிவிடுமே. வின்செஸ்டர் சகோதரர்களுக்குத் துப்பாக்கியும் உப்பும்தான் முதல் பதில், டாக்டருக்குத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. இவர்கள் எல்லோரையும் ஒரே காரில் ஏற்றி எழுதுவதற்கு மூன்று தொடரையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் இந்தக் கதைகள் இன்னும் கிடக்கின்றன (2019இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கிய தளம், சும்மா இல்லை). படிக்க நினைப்பவர்கள் ஷெர்லாக்கும் வின்செஸ்டர் சகோதரர்களில் ஒருவரான டீனும் ஒத்துப்போகாத கதையாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஜோடி சேர்க்கும் கதைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.